நைனாவும் நானும் கரடி வேட்டைக்குப் போனது

எழுபதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. உங்கள் அப்பா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? நம் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறவர்கள். நம் அப்பாக்கள் அப்படியா இருந்தார்கள்? அவர்கள் முன்னால் போவார்கள். நாம் அந்தச் செருப்புச் சத்தத்துக்குப் பின்னால் ஓடுவோம். அவ்வளவுதான் நமக்கு வாய்த்தது.

எனக்கு மட்டும் நாலு நாள் கூடுதலாக வாய்த்தது. அதைச் சொல்கிறேன்.

அப்பா பட்டாளத்தில் இருந்தார். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்தில் இருப்பார்கள். ஆண்டுக்கு ஒரு முறை விடுமுறையில் வருவார். வந்த முதல் வாரம் நான் அவர் எதிரில் நிற்கமாட்டேன், கதவுக்குப் பின்னால் இருப்பேன். மெல்லப் பழகி, பக்கத்தில் உட்காரத் தைரியம் வரும்போது அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பார். இப்படியே எனக்குப் பதினாலு வயது வந்துவிட்டது. அந்த ஆண்டுதான் ஓய்வு பெற்று ஒரேயடியாகச் சந்தவாசலுக்கு வந்து சேர்ந்தார். ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி, உருட்டிக் கட்டிய படுக்கை, காக்கித் துணி உறை போட்ட தண்ணீர்ப் புட்டி, இவற்றோடு அவரும் வந்து வீட்டின் ஒரு மூலையில் இருந்தார். நாங்கள் அவரை நைனா என்று கூப்பிடுவோம். ஆனால் கூப்பிட்டுப் பழக்கம் இல்லாததால் அந்தச் சொல் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

வேலூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவல் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார். சொந்தமாகத் துப்பாக்கியும் அதற்கு உரிமமும் வைத்திருக்கிறவர்களைத்தான் எடுப்பார்கள் என்று யாரோ சொன்னதால் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். தினமும் சாயங்காலம் அதைப் பிரித்து எண்ணெய் போடுவார். அந்த எண்ணெய் வாசனைக்காகவே நான் பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருவேன். பேச்சு இருக்காது. துணியால் குழலைத் துடைக்கும் சத்தம் மட்டும்தான்.

மார்கழி பிறந்து அரையாண்டு விடுமுறை விட்ட சமயம். ஜவ்வாது மலையிலிருந்து சந்தைக்கு வருகிற ஒரு குடியானவர் எங்களுக்குப் பழக்கம். சாமையும் புளியும் தேனும் கொண்டுவருவார். போகும்போது எங்கள் வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போவார். அன்றைக்கு அவர் வெறுங்கையோடு வந்து வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மில்ட்ரிக்காரரே, கரடி என் தம்பிய பொரட்டிப் போட்டுச்சு. இலந்தப் பழம் பொறுக்கப் போனவன். மூஞ்சே இல்ல. ஒரு கண்ணு போய்ட்ச்சு. புள்ளைங்க தண்ணிக்குக்கூட போவமாட்டேங்குதுங்க. நீங்க வந்து அத்த ஒரு வழி பண்ணணும்."

அப்போதெல்லாம் கரடியைச் சுடுவது குற்றம் என்று யாரும் நினைக்கவில்லை. சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. அப்பா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அம்மாதான் குரல் கொடுத்தாள்.

"போய்ட்டு வாங்களேன். டெய்லி எண்ண போட்டுக்கினு இருந்தா போதுமா? ஆபத்துக்கு ஒதவாம அது இன்னாத்துக்கு வூட்ல?"

அண்ணன் குதித்து எழுந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். துப்பாக்கி வாங்கிய நாளிலிருந்து ஊர் முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டு திரிந்தவன். "நைனா, நான் வர்றேன்!"

"நீ வாணாம்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் தலையைத் திருப்பினார். "பாப்பா வரட்டும்."

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "பொட்டப் புள்ளய இன்னாத்துக்கு மலைக்கு? அதுவும் கரடி சுட?"

"அவதான் வாயத் தொறக்காம இருப்பா. வேட்டைக்கு அதான் வேணும்."

அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் கவலைப்படவில்லை. தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது எனக்கு. அண்ணனின் பழைய கால்சட்டையைப் பாவாடைக்கு உள்ளே போட்டுக்கொண்டேன். அப்பாவின் தண்ணீர்ப் புட்டியை நான்தான் தோளில் மாட்டிக்கொண்டேன். அது இடுப்பில் இடித்துக்கொண்டே வந்த இடம் மறுநாள் கன்றிப்போயிருந்தது. அந்த வலிகூட எனக்குப் பிடித்திருந்தது.

படவேட்டைத் தாண்டி அடிவாரம் வரைக்கும் ஒரு மாட்டு வண்டியில் போனோம். அப்புறம் நடை. மலைக்காரர் முன்னால் போய்க்கொண்டே இருப்பார், நாங்கள் இரண்டு பேரும் பின்னால். ஏற ஏற அப்பா என்னோடு ஒரு விளையாட்டை ஆரம்பித்தார்.

"தூரத்துல ஒத்தையா நிக்குதே, அது இன்னா மரம் சொல்லு பாக்கலாம்."

"புளிய மரம், நைனா."

"அதுக்குக் கீழ?"

"ரெண்டு மாடு. ஒண்ணு செவல. இன்னொண்ணுக்கு ஒரு கொம்பு ஒடஞ்சிருக்குது."

"கொம்பு கூடத் தெரியுதா உனுக்கு?"

"தெரியுதே!"

அவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "பலே" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் மலை முழுவதையும் சொல்லத் தயாராக இருந்தேன். பாறைமேல் ஓணான், பள்ளத்தில் விறகு கட்டும் பெண்கள், அவர்களில் ஒருத்தியின் சேலை நிறம், எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனேன். எங்கள் வீட்டில் ஊமை என்று பெயர் வாங்கியவள் நான். அன்றைக்குத் தொண்டை கட்டும் அளவுக்குப் பேசினேன்.

ஓர் ஓடை குறுக்கிட்டது. மார்கழித் தண்ணீர் காலை வெட்டியது. கற்கள் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும். அப்பா என் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கை காய்ப்புக் காய்த்து, மரப்பட்டை மாதிரி இருந்தது. ஆனால் சூடாக இருந்தது. நான் முன்னால் கல் கல்லாகக் கால் வைக்க, அவர் என் பின்னால் வந்தார். அக்கரை போன பிறகும் கையை விடவில்லை. ஊர் வரும்வரை விடவில்லை. நான் வியர்த்த கையைத் துடைத்துக்கொள்ளக்கூட இழுக்கவில்லை. இழுத்தால் மறுபடி பிடிக்காமல் விட்டுவிடுவாரோ என்ற பயம்.

நடக்கும்போது ஒன்று சொன்னார். "உங்கம்மா லெட்டர் எல்லாம் நீதான எழுதுவ?"

"ஆமா நைனா."

"முத்து முத்தா இருக்கும். கொஞ்சம் பெருசா எழுதியிருக்கலாம்."

நான் வெட்கப்பட்டேன். தாளை வீணாக்கக்கூடாது என்று பொடி எழுத்தில் எழுதுவது என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

அந்த மலையூரில் மொத்தம் இருபது வீடுகள் இருக்கும். கூரை தாழ்ந்து தரையைத் தொடுகிற மாதிரி வீடுகள். களத்தில் சாமை அடித்து முடித்து வைக்கோலைப் போராகக் குவித்திருந்தார்கள். ஊரே புகையும் வைக்கோலும் கலந்த ஒரு வாசனையில் இருந்தது. இன்றைக்கும் எங்காவது பனிக்காலத்தில் ஈர வைக்கோலைக் கொளுத்தினால் நான் நின்றுவிடுகிறேன். கூட வருகிறவர்கள் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

மலைக்காரரின் மனைவியை நான் அத்தை என்று கூப்பிட்டேன். பெரிய குரல், பெரிய சிரிப்பு. ஆம்பிளைகளையெல்லாம் அதட்டி வேலை வாங்குவார். எந்த நேரமும் ஒரு கறுப்புக் கம்பளியைத் தலையோடு சேர்த்துப் போர்த்தியிருப்பார். எனக்குச் சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டு, "தின்னு, தின்னாத்தான் குளுரு ஏறாது" என்று இன்னொரு அகப்பை வைப்பார். அவர் வளர்த்த ஒரு வெள்ளாட்டுக்குட்டி, தாயை இழந்தது, அவர் காலையே சுற்றிக்கொண்டிருந்தது.

கரடி தாக்கிய தம்பி உள்ளே படுத்திருந்தார். முகத்தில் பச்சிலை அரைத்துக் கட்டித் துணி சுற்றியிருந்தது. ஒரு கண் மட்டும் தெரிந்தது. அந்த வாடையிலும் நான் வெளியே போகவில்லை. அத்தை துணியை அவிழ்த்தபோது தண்ணீர்ச் செம்பை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். காயத்தைக் கழுவும்போது அந்தத் தம்பி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் நகரவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே இருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

அப்பா அந்தத் தம்பியின் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "ஒத்தக் கண்ணுல எப்டித் தெரியுது? பக்கத்துல இருக்கறது தூரமா தெரியுதா?" என்று விசாரித்தார். "படி எறங்க முடியுதா? கைய நீட்னா பொருள் கைக்கு வருதா?" என்றெல்லாம் கேட்டார். அவ்வளவு அக்கறையாக ஒரு மனிதரிடம் அப்பா பேசி நான் பார்த்ததில்லை. என் அப்பா நல்லவர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் தூறல். வேட்டை இல்லை. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா எனக்குப் பனிமலையைப் பற்றிச் சொன்னார். அங்கே பாறைக்கு வெடி வைத்து ரோடு போட்டது பற்றி, தேநீர் கோப்பையிலேயே உறைந்துபோவது பற்றி. நான் கேட்டேன், "எங்கள நெனச்சுக்குவீங்களா நைனா?" அவர் துப்பாக்கிக் குழலைத் துடைப்பதை நிறுத்தினார். "வேற வேல இன்னா அங்க?" என்றார். பதினாலு வருஷத்துக் கேள்விக்கு அது ஒரு பதிலா என்று இப்போது தோன்றலாம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் வெளுத்ததும் ஆட்கள் கிளம்பினார்கள். கரடி ஒரு பாறைச் சரிவின் பொந்தில் அடைகிறது என்று தடம் பார்த்து வைத்திருந்தார்கள். ஆம்பிளைகள் மேலேயிருந்து பறையும் தகர டப்பாவும் அடித்துக்கொண்டு இறங்குவது, கரடி சத்தத்துக்குப் பயந்து கீழே இலந்தைப் புதர்கள் இருக்கும் வெட்டவெளிக்கு வரும், அங்கே அப்பா சுடுவது என்று ஏற்பாடு. ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று மலைக்காரர் ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொன்னார்.

அப்பாவும் நானும் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். எதிரே அறுப்பு முடிந்த சாமைக் கொல்லை, அதற்கு அப்பால் புதர். பனிமூட்டம் மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. அப்பா என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார்: "கரடி வந்தா மொதல்ல உனுக்குத்தான் தெரியும். எங்க கீதுன்னு மெதுவா சொல்லு. நான் பாத்துக்கறேன்." அவர் தாடையில் இரண்டு நாள் முடி இருந்தது. அது என் கன்னத்தில் உரசியது.

பறை அடிக்க ஆரம்பித்தார்கள். சத்தம் மலை மேலிருந்து உருண்டு வந்தது. காடைகள் குபீரென்று எழுந்து பறந்தன. பிறகு நான் கரடியைப் பார்த்தேன்.

அது நான் நினைத்த மாதிரி இல்லை. ஓடிவரவில்லை. வலது பக்கம் ஒரு பெரிய பாறைக்கடியிலிருந்து, தூக்கத்தில் எழுந்து வருகிறவர் மாதிரி, தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றது. கழுத்தைச் சுற்றி முடி சிலிர்த்திருந்தது. மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது.

"நைனா, வலது பக்கம். பெரிய பாறைக்குக் கீழ. நிக்குது."

அப்பா துப்பாக்கியைத் தோளில் வைத்தார். குழல் வலது பக்கம் போகவில்லை. நேராகப் போய், பிறகு கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தது.

"அங்க இல்ல நைனா, வலது பக்கம்."

"பாத்துட்டேன்" என்றார் அப்பா மூச்சுக்குள்ளே. "நல்லாத் தெரியுது. குனிஞ்சிக்கினு வருது."

நான் குழல் பார்த்த திசையில் பார்த்தேன். கொல்லையின் இடது ஓரத்தில் ஒரு கறுப்பு உருவம் குனிந்து குனிந்து நகர்ந்துகொண்டிருந்தது. கறுப்புக் கம்பளி. அதற்கு முன்னால் வெள்ளாட்டுக்குட்டி துள்ளி ஓடியது. பறைச் சத்தத்தில் மிரண்டு கட்டை அறுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறது. அத்தை அதைப் பிடிக்க வந்திருக்கிறார்.

அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. புளிய மரம், மாட்டின் கொம்பு, ஓடையில் பிடித்த கை, பொடி எழுத்து, ஒற்றைக் கண்காரரிடம் கேட்ட கேள்விகள், எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன. அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. நிழலும் கறுப்பும்தான் தெரிகிறது. கத்தினால் அவர் கை விசையை அழுத்திவிடும் என்று பட்டது. நான் என் இரண்டு கைகளாலும் குழலைக் கீழிருந்து மேலே தள்ளினேன்.

வெடி வானத்தில் வெடித்தது. சூடு என் உள்ளங்கையில் ஏறியது. காதில் 'ங்' என்று ஒரு சத்தம் நின்றது. வலது பக்கம் திரும்பிப் பார்த்தபோது கரடி இல்லை. இடது பக்கம் அத்தை நிமிர்ந்து நின்றார். ஆட்டுக்குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஐயோ, நான்டா! நான்டா!" என்று அலறினார்.

அந்தக் குரல் கேட்டதும் அப்பாவின் முகம் மாறியதை நான் இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். துப்பாக்கியைக் கீழே வைத்தார். உட்கார்ந்தார். அவர் கைகள் முழங்கால் மேல் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருந்தது. நான் தொடவில்லை. அந்த நேரத்தில் அவரைத் தொடுவது மரியாதைக் குறைவு என்று தோன்றியது.

ஆட்கள் பறையோடு ஓடிவந்தார்கள். "இன்னா ஆச்சு? பட்டுச்சா? எங்க கீது?" என்று சூழ்ந்துகொண்டார்கள். மலைக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்ல இருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொல்லவிடாமல் நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் பயந்து தட்டிட்டேன்."

ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். இன்னொருவர், "மூணு நாள் பாடு. பொட்டப் புள்ளயக் கூட்டியாந்தா இப்டித்தான்" என்றார். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். தரையைப் பார்த்தார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை கிளம்பினோம். அத்தை ஊர் எல்லை வரை வந்தார். அப்பா முன்னால் மலைக்காரரோடு பேசிக்கொண்டிருக்க, என்னை இழுத்துத் தன் கம்பளிக்குள் சேர்த்துக்கொண்டார்.

"துப்பாக்கி என்னத்தான் பாத்துக்கினு இருந்தது, கண்ணு. நான் பாத்தேன். நீ தூக்கி விட்டதயும் பாத்தேன்."

நான் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா நீ இத்த வயித்துல வெச்சுக்காத. உங்கம்மாகிட்டயாச்சும் சொல்லிடு."

நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அப்பாவின் வேலைக்கு ஆபத்து என்பதெல்லாம் அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது என்று உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அதைப் பங்கு போட எனக்கு மனமில்லை. உண்மையான காரணம் அதுதான்.

இறங்கும்போதும் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை எதற்கு என்று எனக்குத் தெரியும். அவர் எதையும் கேட்காமலே நான் சொல்லிக்கொண்டு வந்தேன். "இங்க வேரு நைனா. இங்க பள்ளம். அடுத்த கல்லு ஆடும்." அவர் "ம்" என்றார். ஒவ்வொன்றுக்கும் "ம்". அடிவாரத்தில் வண்டி நிற்பது தெரிந்ததும் கையை விட்டுவிட்டார்.

அந்தக் கரடி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இலந்தைப் பழம் தீர்ந்ததும் அது வேறு சரிவுக்குப் போய்விட்டது என்று மாசியில் புளி கொண்டுவந்த மலைக்காரர் சொன்னார். அதற்கப்புறம் அது யாரையும் தொடவில்லை. அது வரை என் மனத்தில் ஒரு கல் இருந்தது. அன்றைக்குத்தான் இறங்கியது.

வீட்டில் அண்ணனுக்குக் கொண்டாட்டம். கரடியைப் பார்த்து நான் எப்படி நடுங்கினேன் என்று, கூட இருந்தவன் மாதிரி நடித்துக் காட்டுவான். வந்து போகிறவர்கள் எல்லாம் "கரடிப் பொண்ணு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்பா அந்த நேரங்களில் எழுந்து வெளியே போய்விடுவார். வேலூர்க் காவல் வேலை அவருக்குக் கிடைத்தது. கண் சோதனை வைத்தார்களா, வைத்திருந்தால் எப்படித் தேறினார் என்று எனக்குத் தெரியாது. பதினெட்டு வருஷம் அந்த வாசலில் துப்பாக்கியோடு நின்றார். ஒரு முறைகூடச் சுட வேண்டி வரவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பள்ளி இறுதி வகுப்பு முடித்ததும் எனக்கு வேலூரில் நர்ஸ் படிப்புக்குப் போக ஆசை. எங்கள் ஆசிரியை விண்ணப்பம்கூட வாங்கிவந்து கொடுத்தார். கையெழுத்துக்காக அதை அப்பா முன்னால் வைத்தேன். அம்மா சிரித்தாள். அது கெட்ட சிரிப்பு இல்லை, என்மேல் இரக்கப்பட்ட சிரிப்பு.

"கரடியப் பாத்தே கை நடுங்குனவ. ரத்தத்தப் பாத்தா இவ நிப்பாளா? ஒரு வாரத்துல அழுதுக்கினு வந்துடுவா. வாணாம்டி, உனுக்குத் தாங்காது."

நான் அப்பாவைப் பார்த்தேன். அந்தத் துணி அவிழ்த்த முகம், நான் பிடித்திருந்த செம்பு, எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் அங்கேதான் இருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "டூட்டிக்கு நேரமாச்சு" என்றார். நேரம் ஆகியிருக்கவில்லை. பேருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

விண்ணப்பம் ரொம்ப நாள் என் துணிகளுக்கு அடியில் இருந்தது. அப்புறம் கல்யாணம். பக்கத்து ஊர். பிள்ளைகள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு பால்வாடியில் ஆயாவாக வேலை பார்த்தேன். விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வரும் குழந்தைகளுக்கு மருந்து போடும்போது ஒரு நாளும் என் கை நடுங்கியதில்லை. யாரும் அதைக் கவனித்ததுமில்லை.

அப்பாமேல் எனக்குக் கோபம் இருந்ததா? இருந்தது. வருஷக்கணக்காக இருந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு நடுவிலும் அவர் கை என் கைக்குள் இருந்த அந்த வழி நினைவுக்கு வந்துகொண்டே இருக்கும். கண்ணுக்காகப் பிடித்தார், வாயைத் திறக்கமாட்டாள் என்று கூட்டிப்போனார், எல்லாம் சரிதான். இருந்தாலும் அந்தக் கையைத் திரும்பக் கொடுக்கிறேன், அது நடக்கவே வேண்டாம் என்று ஒரு நாளும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அம்மா போன பிறகு அப்பாவின் பார்வை முழுக்க மங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அண்ணன் வெளியூரில் இருந்தான். நான்தான் அவரை வேலூரில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வெள்ளைச் சீருடை போட்ட பெண்கள் கையில் அட்டையோடு குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அவர்களின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சின்னப் பெண். என் மகள் வயதுகூட இருக்காது. விளக்கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"தாத்தா, இடது கண்ணுல இருக்கறது புரைதான். ஆபரேஷன் பண்ணா நல்லா தெரியும். ஆனா வலது கண்ணு இப்ப போனதில்லயே. பழைய அடி. எப்ப பட்டுது?"

"பட்டாளத்துல. பாறைக்கு வெடி வெச்சப்ப கல்லு தெறிச்சுது. அப்பலேர்ந்தே இந்தக் கண்ணு இல்ல. அந்தக் கண்ணும் தூரத்துக்குப் பொகையாத்தான் இருக்கும்."

டாக்டர் நிமிர்ந்தார். "இத்தன வருஷமாவா? எங்கயும் காட்டலயா? வூட்ல யாருக்குமே தெரியாதா?"

நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியாமல், அப்பா கையை நீட்டித் துழாவி, என் தோளைத் தொட்டார்.

"இவளுக்குத் தெரியும்" என்றார். "பதினாலு வயசுலேர்ந்து தெரியும். யாருகிட்டயும் சொல்லல."

பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் அட்டையில் எதையோ எழுதினாள். டாக்டர் என்னைப் பார்த்தார். என்னிடம் ஏதோ கேட்க நினைத்து, வெளியே காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஆபரேஷனுக்குத் தேதி சொன்னார்.

எங்களுக்குள் அதைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வெளியே வந்து இரண்டு இட்லி சாப்பிட்டோம். திருவண்ணாமலை போகும் பேருந்தில் ஏறினோம். அவரை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தேன். கண்ணமங்கலம் தாண்டியதும் தூங்கிவிட்டார். தலை சரிந்து சரிந்து கடைசியில் என் தோளில் வந்து நின்றது. வெயிலும் விபூதியும் கலந்த வாசனை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வலது பக்கம் மலை கூடவே வந்துகொண்டிருந்தது.

"சந்தவாசல் எறங்கறவங்கல்லாம் வாங்க" என்று நடத்துநர் கத்தினார். ஆட்கள் எழுந்தார்கள். மூட்டைகள் இறங்கின. நடத்துநர் எங்களைப் பார்த்தார். எங்கள் டிக்கெட் அதுவரைக்கும்தான் என்று அவருக்குத் தெரியும்.

"நாங்க இன்னும் தள்ளி போளூர்ல எறங்கிக்கறோம்பா. டிக்கெட் குடுத்துடு" என்றேன் மெதுவாக, அப்பா விழித்துவிடாதபடி.